வால்வை மூடும் உத்தேசம்

பாய்லர்காரருக்குப் பயம் என்பது வந்து போகிற சமாச்சாரம் அல்ல. அது அவருக்கு மூச்சு மாதிரி, அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குப் பின்னால் எட்டுப் படி இறங்கினால் வரும் அறையில் இருபத்தோரு வருஷமாக அவர் நீராவி தயாரித்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குப் பயம் நல்லது. மணிக்கு ஒருமுறை அழுத்தமானியைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று மறுபடி போய்ப் பார்ப்பார். இருபத்தோரு வருஷத்தில் அந்த பாய்லர் ஒருவர் மீதும் வெடிக்காததற்கு இதுதான் காரணம். ஆனால் நிர்வாகத்தின் ஆண்டறிக்கையில் அதற்குக் காரணம் நிர்வாகம் என்று போட்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் தரத்தை அளக்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. குழுவினர் எல்லா நிலை ஊழியர்களிடமும் பேசுவார்கள் என்று அதில் இருந்தது. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. கண்காணிப்பாளர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, கடிதம் இங்கிலீஷில் இருப்பதால் பேச்சும் இங்கிலீஷில்தான் இருக்கும் என்று முடிவுசெய்தார். பத்தே நாளில் மொழித்திறன் மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று முளைத்தது. அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், ஒரு முத்திரை, ஒரு டீச்சர். முத்திரைதான் முதலில் வந்தது.

வகுப்பு நடந்த அறை முன்பு கட்டுத்துணி வைத்திருந்த கிடங்கு. டீச்சருக்கு வயது இருபத்தாறு இருக்கும். மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவள். அவளும் பயந்த சுபாவம்தான். ஒருங்கிணைப்பாளரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் சாக்பீஸ் பாதி எழுத்தில் நின்றுவிடும். ஆனால் பாடம் சொல்லிக் கொடுப்பதில் கெட்டிக்காரி. ஐந்து பாடம் போவதற்குள் சலவைக்கூடத்து ஆட்கள் தங்களுக்குள் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு, சொன்ன பிறகு வெட்கப்படும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

ஆறாவது பாடம், திட்டங்களையும் எண்ணங்களையும் சொல்வது எப்படி என்பது. டீச்சர் பலகையில் மூன்று கட்டம் போட்டாள். போன் மணி அடிக்கிறது, நான் எடுக்கிறேன் என்று எழுந்தால் அது 'வில்'. அந்த நொடியில் தோன்றிய எண்ணம். நாலு நாளாக யோசித்து, பெட்டியும் கட்டியாகிவிட்டது என்றால் 'கோயிங் டு'. அது முன்பே எடுத்த முடிவு. டிக்கெட் வாங்கி, அந்தப் பக்கம் இன்னொருவர் காத்துக்கொண்டும் இருக்கிறார் என்றால், வினைச்சொல்லின் வாலில் 'இங்' சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஏற்பாடு.

இஸ்திரி அக்கா கை தூக்கினாள். அவள்தான் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவள். "நாளைக்கு நான் துணி தேய்க்கணும். அதை நான் யோசிக்கவும் இல்ல, டிக்கெட்டும் வாங்கல. அது எதுல வரும் டீச்சர்?"

அது ஒன்பதாவது பாடத்தில் வரும் என்றாள் டீச்சர்.

வீட்டுப்பாடம் ஐந்து வாக்கியம். அதை அறிவிக்க ஒருங்கிணைப்பாளரே நேரில் வந்தார். வாக்கியங்கள் அவரவர் வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும், சந்திரனுக்குப் போவேன், யானை வாங்குவேன் என்றெல்லாம் எழுதக் கூடாது என்றார். "எதிர்காலம் என்பது நிர்வாகத்தின் சொத்து. ஊழியர்கள் அதைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும்," என்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பாய்லர்காரர் அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இரண்டு அறை கொண்ட குவார்ட்டர்ஸ். பக்கத்தில் மனைவி தையல் மிஷினில் யாருடைய ஜன்னலுக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வந்த சிக்கல் இலக்கணம் அல்ல. அவருக்குத் திட்டம் என்று ஒன்றும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கல்யாணத்தைக்கூட அக்காதான் முடிவுசெய்து தேதியை இவருக்குத் தெரியப்படுத்தினாள்.

தெரிந்த வார்த்தைகளை வைத்து எழுதுங்கள் என்றாள் மனைவி. அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் தண்ணீர், கண்ணாடி, அழுத்தம், வால்வு, டீ. அவற்றை வைத்துத் தண்ணீரைச் சரிபார்ப்பேன், கண்ணாடிக் குழாயைத் துடைப்பேன், அழுத்தத்தை எழுதப் போகிறேன் என்று மூன்று வாக்கியம் தேற்றினார். நான்காவதாக, 'ஐ ஆம் கோயிங் டு குளோஸ் த மெயின் வால்வ் ஆன் தர்ஸ்டே' என்று எழுதினார். ஐந்தாவது, ஆறு மணிக்கு மனைவியோடு டீ குடிக்கிறேன் என்பது. அதற்கு 'இங்' சேர்த்தார், மனைவி அந்தப் பக்கம் காத்திருப்பாள் என்பதால்.

நான்காவதை அவர் தமிழில் சொன்னதும் மனைவி மிஷினை நிறுத்தினாள். வால்வை எதற்கு வியாழக்கிழமை மூடணும் என்று கேட்டாள். அதை யார் மூடுவார்கள், தொட்டால் கையோடு வந்துவிடும் என்றார் அவர். வியாழக்கிழமை ஏன் என்றால், புதன்கிழமையின் ஸ்பெல்லிங்கில் சத்தமே இல்லாத ஓர் எழுத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை நம்ப முடியவில்லை.

டீச்சர் பத்துக்குப் பத்து போட்டாள். பக்கத்தில் சிவப்பு மையில் 'எக்ஸலன்ட்' என்று எழுதினாள். ஒருங்கிணைப்பாளர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து, கேன்டீன் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் மாதிரி விடை என்று ஒட்டினார். தன் கையெழுத்தை ஊரே பார்ப்பதைப் பாய்லர்காரரால் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் அவர் பின்வாசல் வழியாகக் கேன்டீனுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குக் குழாய்க்குள்ளே டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. அழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கியது. அவர் பாய்ந்து போய் நெருப்பை அணைத்தார். பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு அறை முழுக்க அலறியது. மெயின் வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் அது வண்டிச் சக்கரம் மாதிரி சும்மா சுற்றியது. உள்ளே இருந்த அடைப்புத் தகடு, தேய்ந்துபோன தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்து, நீராவி போகும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. வால்வு தானே மூடிக்கொண்டுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. சலவைக்கூடத்தில் மிஷினெல்லாம் ஈரத்துணியோடு நின்றன. சுத்தமான விரிப்பு இல்லாமல் இரண்டு ஆபரேஷன்கள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. வெளியிலிருந்து ஃபிட்டர் வந்து, வால்வைப் பிரித்து, தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டு, இது ஒரு மாதம் தாங்கினால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் சாப்பிடப் போனார். அறிவிப்புப் பலகையில் இருந்த அந்தத் தாளை ஒரு வாரமாகப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை அர்த்தத்துக்காகப் படித்தார். சாப்பிடாமலே திரும்பிப் போனார்.

மூன்று மணிக்குப் பாய்லர்காரர் கைக்கு ஒரு மெமோ வந்தது. முழுக்க இங்கிலீஷ். அவருக்குப் புரிந்தது 'தர்ஸ்டே' ஒன்றுதான். அதுவே போதுமானதாக இருந்தது. படியேறிப் போய் டீச்சரிடம் தாளைக் கொடுத்தார். அவள் நின்றபடி படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணம் கொண்டதற்கும், எண்ணியதை நிறைவேற்றியதற்கும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று அவருக்கு. எக்ஸலன்ட் என்று எழுதி ஊக்குவித்ததற்கு விளக்கம் தர வேண்டும் என்று அவளுக்கு.

"அண்ணே, நிஜமாவே மூடினீங்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அது தானா விழுந்தது என்றார் அவர். சொல்லும்போதே அது பொய் மாதிரி அவர் காதுக்குக் கேட்டது.

வீட்டில் மனைவி அழவில்லை. பழைய காகிதங்களை எடுத்து வந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தாள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்; கடைசி நேரத்தில் அள்ளிப் போட்டால் உடையும் என்றாள்.

விசாரணை மாநாட்டு அறையில் நடந்தது. வருஷக்கணக்காகக் கொதிகலன் பக்கத்திலேயே இருந்தவரை ஏசி குளிரில் உட்கார வைத்ததும் அவருக்குப் பல் கிட்டியது. நடுக்கம் காணப்பட்டது என்று குறித்துக்கொண்டார்கள். நடுவில் கண்காணிப்பாளர். அவருக்கு இந்தப் பக்கம் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பக்கம், இந்த விசாரணைக்கென்றே வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட இலக்கண ஆலோசகர். ஒல்லியான, சாந்தமான மனிதர். அவருக்கு ஆஸ்பத்திரியையும் தெரியாது, பாய்லரையும் தெரியாது. வாக்கியம் என்றால் மட்டும் கண் பிரகாசமாகிவிடும்.

ஆலோசகர் எழுந்து வாக்கியத்தை மூன்று முறை வாசித்தார். 'வில்' என்று இருந்திருந்தால் இது கண நேரச் சபலம், மனித பலவீனம், ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். "ஆனால் இவர் 'கோயிங் டு' எழுதியிருக்கிறார். யோசித்து, தீர்மானித்து, நாளும் குறித்திருக்கிறார். சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை."

ஒருங்கிணைப்பாளரால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு பாய்லர் தொழிலாளி ஆறே பாடத்தில் இந்த அளவுக்கு வந்திருக்கிறார் என்றால் எங்கள் பிரிவின் தரத்தை விசாரணைக் குழு தயவுசெய்து பதிவுசெய்ய வேண்டும். எழுதினார், நடந்தது. பயிற்சிக்கு இதைவிடப் பலன் வேண்டுமா?" என்றார். கண்காணிப்பாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உட்கார்ந்தார்.

அடுத்து ஐந்தாவது வாக்கியம் வந்தது. 'இங்' இருப்பதால் அதில் இன்னொரு ஆள் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்று ஆலோசகர் சுட்டிக்காட்ட, மனைவியை அழைத்து வந்தார்கள். அவள் தையல் ஊசி குத்தியிருந்த புடவையோடு அப்படியே வந்தாள். சொன்னபடி டீ குடிக்கப்பட்டதா என்று கேட்டார்கள். குடித்தோம் என்றாள். ஆறு மணிக்கா என்றார்கள். ஆறு, ஆறே கால் என்றாள். கண்காணிப்பாளர் பேனாவை வைத்துவிட்டுச் சாய்ந்தார். தண்ணீரைச் சரிபார்ப்பதாக எழுதினார், சரிபார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார், அழுத்தத்தை எழுதினார், டீயும் குடித்தார். ஐந்தில் நான்கை நிறைவேற்றிய மனிதர் மீதி ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைக்கப் போகிறார் என்று கேட்டார்.

மனைவி சொல்லிவிட்டாள். "அவரு சொன்னா செய்யமாட்டாருங்க. ஜன்னல் கொண்டிய மாத்தறேன்னு சொல்லி ஆறு வருஷம் ஆச்சு."

"அது தமிழில் சொன்னதம்மா. இது இங்கிலீஷ்," என்றார் கண்காணிப்பாளர்.

அத்தோடு முடிந்திருந்தால் ஒரு குடும்பத்தின் பயமாகப் போயிருக்கும். ஒரு நோட்டில் இப்படி இருந்தால் மற்ற நோட்டுகளில் என்னென்ன இருக்குமோ என்று கண்காணிப்பாளருக்கு அன்று மத்தியானம் தோன்றியது. நூற்று நாற்பது நோட்டுகளையும் கைப்பற்றினார்கள். இஸ்திரி அக்கா, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தங்கையைச் சந்திக்கிறேன் என்று 'இங்' போட்டு எழுதியிருந்தாள். தங்கையை ஆஜர்படுத்தச் சொன்னார்கள். அவளுக்குத் தங்கையே கிடையாது. இருப்பது இரண்டு அண்ணன்கள்தான்; 'பிரதர்', 'சிஸ்டர்' இரண்டில் எதற்கு ஸ்பெல்லிங் சுலபம் என்று பார்த்து எழுதினேன் என்றாள். இல்லாத ஆளோடு ஏற்பாடு செய்துகொண்டது என்று அவள் மேல் தனியாக ஒரு ஃபைல் திறந்தார்கள். சமையல்கூடத்து ஆள், நான் டாக்டர் ஆகப் போகிறேன் என்று எழுதியிருந்தார். எந்த வார்டில் என்று கேட்டு அவருக்கு மெமோ போனது. வாசல் வாட்ச்மேன் ஒன்றுமே எழுதாமல் வெற்று நோட்டைக் கொடுத்திருந்தார். எண்ணத்தை மறைத்தார் என்று அவரைத்தான் அதிக நேரம் விசாரித்தார்கள்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. எழுதிய எண்ணங்களை ஊழியர்கள் முப்பது நாளுக்குள் நிறைவேற்றி, துறைத் தலைவரின் கையொப்பம் பெற்று, நிறைவேற்றச் சான்று சமர்ப்பிக்க வேண்டும். வால்வுகள் தொடர்பான எண்ணங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

அதன்பின் அந்த ஆஸ்பத்திரியில் நாளை என்ற பேச்சே நின்றுபோனது. வேலை முடிந்து போகிறவர்கள், வரேன் என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். வரேன் என்பதும் ஒரு எண்ணம்தானே. ஊசி போடப் போறேன் என்று முன்னால் சொல்லிவிட்டுப் போடும் நர்ஸுகள், எதற்கு வம்பு என்று சொல்லாமலே போட ஆரம்பித்தார்கள். வார்டுகளிலிருந்து திடீர் திடீரென்று சத்தம் கேட்டது. ஒரு நோயாளி, என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டு டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார்கள்.

பாய்லர்காரர் இளைத்துப்போனார். ராத்திரி தூக்கத்தில் ஏதாவது உளறி, அதில் எதிர்காலம் வந்துவிடுமோ என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு படுத்தார். மனைவியும் அவரை அதிகம் கேட்பதில்லை. பதிலில் எதிர்காலம் வராத கேள்விகளாகப் பார்த்துத்தான் கேட்டாள். உப்பு சரியா இருக்கா என்பது போல.

இரண்டாவது விசாரணைக்குப் பாய்லர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் தினமும் எழுதும் கையெழுத்தும் வீட்டுப்பாடத்தின் கையெழுத்தும் ஒன்றுதானா என்று ஒப்பிட. அவர் அந்தப் பெரிய நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். மணிக்கு ஒருமுறை அதில் எழுதியாக வேண்டும், அதுதான் விதி. காணாமல் போனால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கண்காணிப்பாளர் அவரிடம், அந்த வாக்கியத்தை எழுதும்போது மனதில் தமிழில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். மூடுவேன் என்றால் மாட்டிக்கொள்வோம், மூடப் போறேன் என்றாலும் மாட்டிக்கொள்வோம். வீட்டில் பேசுகிற பேச்சு பாய்லர்காரர் வாயில் வந்தது.

"மூடலாம்னு இருக்கேன்னு, சார்."

இலக்கண ஆலோசகர் ஆர்வமாக நிமிர்ந்தார். இந்த வடிவம் தன் அட்டவணையில் இல்லையே, இது முன்பே எடுத்த முடிவா, அப்போது தோன்றியதா என்று கேட்டார். ரெண்டும் இல்லீங்க என்றார் பாய்லர்காரர். லாம்னு இருக்கேன் என்று சொன்னால் அது நடக்காது. கொண்டியை மாத்தலாம்னு இருக்கேன், உடம்பைக் காட்டலாம்னு இருக்கேன் என்று எல்லாரும் சொல்வதுதான். சொல்லிவிட்டு அப்படியே இருப்பார்கள். ஆலோசகர் அதை வேகமாக எழுதிக்கொண்டு, எழுதிய கையோடு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். கையெழுத்தை ஒப்பிடுவதை மறந்து, ஓரங்களில் இருந்த பச்சை மைக் குறிப்புகளில் கண் நின்றது. இதை வாசியுங்கள் என்று பாய்லர்காரரிடம் நீட்டினார்.

மேலிடம் சொன்னதை அப்படியே செய்கிறவர் ஆகையால் அவர் வாசித்தார். "மெயின் வால்வின் தண்டு தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்." அது அவர் எழுதியது. ஓரத்தில்: "மாற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது." அடுத்த மாதப் பக்கத்தில் மறுபடியும் அவருடைய வரி, மறுபடியும் பச்சை மையில் உத்தேசிக்கப்பட்டுள்ளது. மொத்தம் ஏழு இடம். ஏழாவதை வாசிக்கும்போது அவர் குரல் கீச்சென்று போனது. தான் என்ன வாசிக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

ஆலோசகருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பிரமாதம். இது சந்தேகத்துக்கே இடமில்லாத முன் எண்ணம். தேதி இருக்கிறது, ஏழு முறை உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. செயல் மட்டும் நடக்கவில்லை. ஆனால் வாக்கியத்தில் எழுவாய் இல்லையே. யார் உத்தேசித்தது?"

அந்த ஆஸ்பத்திரியில் பச்சை மைப் பேனா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கண்காணிப்பாளரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் நெஞ்சுவலி வந்தவர் மாதிரி பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். ஆலோசகர் வெள்ளை மனதோடு, குழு உத்தேசித்ததா, துறை உத்தேசித்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருங்கிணைப்பாளர் அவசரமாக எழுந்து, தமிழ் வாக்கியங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்றார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. ஆலோசகரை அன்று சாயங்காலமே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பாய்லர்காரர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே ஓடினார். பதினோரு மணிக் கணக்கு எழுத வேண்டியிருந்தது.

இரண்டு நாளில் ஆணை வந்தது. வாக்கியம் எழுதப்பட்டது. வால்வு மூடப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை எனக் கண்டறியப்பட்டது. ஆறாம் பாடம் நடத்தப்படவில்லை எனக் கொள்ளப்படுகிறது. நோட்டுகள் அழிக்கப்பட்டன. பயிற்சியாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒரு பக்க ஆணையில் எதையும் செய்த மனிதர் ஒருவர்கூட இல்லை.

வீட்டில் மனைவி பாத்திரங்களைப் பிரித்து அடுக்கினாள். பாய்லர்காரருக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் டீச்சர் எட்டுப் படி இறங்கி பாய்லர் அறைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமையோடு கிளம்புவதாகவும், சொல்லிக்கொண்டு போக வந்ததாகவும் சொன்னாள். அடுத்து எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வி அது என்று பழகியிருந்தது. அவளாகவே சொன்னாள், எங்கேயும் இல்லை, அப்பாவுக்கு இன்னும் தெரியாது என்று. பத்துக்குப் பத்து போட்டது தப்பில்லை, சரியாக எழுதியிருந்தீர்கள், அதனால் போட்டேன் என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

அவர் எண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பெரியவர்கிட்ட நான் பேசறேன் என்று சொல்ல வாயெடுத்து, பயந்து, வேறு மாதிரி சொன்னார். "பெரியவர்கிட்ட உங்களைப் பத்தி..."

அவள் பாதியிலேயே கேட்டாள். கேலியாக இல்லை, டீச்சர் கேட்கிற மாதிரி. "பேசப் போறீங்களா, இல்ல பேசலாம்னு இருக்கீங்களா அண்ணே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கணக்கு எழுத நாற்பது நிமிஷம் இருந்தது. நோட்டை விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டு படியேறினார். அந்த நோட்டைக் கேட்டு மேலேயிருந்து இரண்டு தரம் ஆள் வந்திருந்தது. விதிப்படி அது பாய்லர்காரர் கையில்தான் இருக்க வேண்டும் என்று அவர் நடுங்கிக்கொண்டே இரண்டு தரமும் சொல்லி அனுப்பியிருந்தார்.

கண்காணிப்பாளரின் அறைக்குள் போனார். டீச்சர் நல்லா சொல்லிக் குடுத்தாங்க சார், அவங்க மேல தப்பில்ல சார் என்று தரையைப் பார்த்து ஒப்பித்தார். கண்காணிப்பாளர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவருடைய பார்வை அக்குளில் இருந்த நோட்டின் மேலேயே இருந்தது. தரக்குழு திங்கட்கிழமை வருகிறது. குழு பாய்லர் அறைக்கும் வரும்.

"அந்த நோட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

என்ன பண்ணப் போறீங்க என்ற கேள்வியால்தான் இவ்வளவும் வந்தது. திடீர் எண்ணம் என்றால் பலவீனம், முன்பே நினைத்தது என்றால் சதி, ஏற்பாடு என்றால் மனைவியை மறுபடி இழுத்து வருவார்கள். லாம்னு இருக்கேன் என்பதையும் போனமுறை எழுதிக்கொண்டுவிட்டார்கள். ஆபத்தில்லாத வார்த்தை ஒன்று வேண்டும். இந்த அறையில் இருபத்தோரு வருஷமாக, லீவு கேட்டபோதும், குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று வந்து நின்றபோதும் அவருக்குக் கிடைத்த ஒரே பதில் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னவருக்கு ஒரு நாளும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

"பார்க்கலாம் சார்," என்றார்.

கண்காணிப்பாளர் முகம் வெளுத்தது. அந்த வார்த்தையை வாழ்நாள் முழுக்க உபயோகித்தவர் அவர். அதற்குள் என்னென்ன இருக்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும். உட்காருங்க என்றார். பாய்லர்காரர் உட்காரவில்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. அதையும் கண்காணிப்பாளர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"குழு வர்றப்போ அவங்க கேட்டா..." என்று இழுத்தார்.

ஒருதரம் சொல்லிக் கெடுதல் வராததால் பாய்லர்காரர் தைரியமாக இல்லாவிட்டாலும் வேகமாகச் சொன்னார். "பார்க்கலாம் சார்."

கண்காணிப்பாளர் மணி அடித்தார். டீச்சரின் ஒப்பந்த ஃபைல் ஐந்து நிமிஷத்தில் வந்தது. பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, மூன்று மாதம் என்று இருந்ததை அடித்துவிட்டு ஒரு வருஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு யாருக்கோ போன் செய்து, புது வால்வு ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே இருந்தாக வேண்டும், இருக்கப்போகிறது, இருக்கிறது என்று மூன்று விதமாகவும் கத்தினார்.

பாய்லர்காரர் கீழே வந்து கணக்கு எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று மறுபடி போய்ப் பார்த்தார். என்ன சொன்னீங்க என்று டீச்சர் கேட்டபோது, ஒண்ணும் சொல்லலியே என்றார். அது உண்மைதான்.

சனிக்கிழமையே வால்வு வந்தது. திங்கட்கிழமை குழு வந்தது. பாய்லர் அறையை எட்டிப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று அவரவர் மொழியில் சொல்லிக்கொண்டு, எதுவும் கேட்காமல் படியேறிப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அவர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தபோது எதிரே கண்காணிப்பாளர் வந்தார். இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக அவர் சுவரோரமாக ஒதுங்கி, பாய்லர்காரருக்கு வழிவிட்டு, சிரித்து, வணக்கம் சொன்னார்.

அன்று முழுக்கப் பாய்லர்காரருக்கு வேலை ஓடவில்லை. அழுத்தமானியை மணிக்கு நான்கு தரம் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்.

"பெரியவர் இன்னைக்கு என்னைப் பாத்து வணக்கம் சொன்னாரு."

அவள் மிஷினை நிறுத்தினாள். "எதுக்கு?"

"அதுதான் தெரியல."

இருவரும் போய்க் கதவைத் தாழ்போட்டார்கள்.